உடல் மொரிஸ், உயிர் டட்சன்

பழைய வண்டிக்குப் போட்டிக் கம்பனியின் எஞ்சினை ஏற்றலாமா? ஏற்றினால் எதை ஏற்றுவது? பலாங்கொடைக் கராஜ்களிலும் தோட்டத்து லயங்களிலும் நடக்கும் இந்தப் பேச்சில் பணக்கணக்கோடு உயிர்க்கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

பலாங்கொடை நகரைத் தாண்டி, பெலிஹுல்ஓயா பக்கம் ஏ4 வீதி வளையும் இடத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கராஜ். மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. உள்ளே சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்று போனட் இல்லாமல், கிரில் இல்லாமல் நிற்கிறது. மேலே குறுக்குக் கம்பியில் செயின் புளொக் தொங்குகிறது. அதன் கொக்கியில் ஆடிக்கொண்டிருப்பது மொரிஸ் எஞ்சின் அல்ல. வால்வு மூடியைத் துடைத்ததும் டட்சன் என்ற எழுத்து தெரிகிறது.

கராஜ்காரர் கையில் ஒரு கம்பு. ரேடியேட்டர் இருக்கும் இடத்திலிருந்து உள்சுவர் வரை அதை வைத்து அளந்து, சோக்கட்டியால் கோடு போடுகிறார். வண்டிக்குச் சொந்தக்காரர் இளைஞர். கொழும்பில் வேலை. அப்பா தோட்டத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் வாங்கிய வண்டி இது.

“ஏன் அண்ணே, மொரிஸுக்கு மொரிஸ் எஞ்சினே போட்டா என்னா?”

“போடலாம் தம்பி, கிடைச்சா. பழைய எஞ்சின மூணு தடவ போர் பண்ணியாச்சு. இனி புளொக்ல இரும்பு இல்ல. பிஸ்டன் வேணும்னா லண்டனுக்கு எழுதணும். இதுக்கு வேணும்னா கொழும்புக்கு பஸ் ஏறினா போதும்.”

“ஆளுங்க என்ன சொல்லுவாங்க?”

“ஆளுங்க ஹல்துமுல்லை ஏத்தத்துல வந்து தள்ளுவாங்களா?”

இந்தப் பேச்சு இன்று பல வீட்டு முற்றங்களில் நடக்கிறது. புது வண்டி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பழைய வண்டியின் சொந்த எஞ்சினுக்குப் பாகம் கிடைப்பதில்லை. வேறு கம்பனியின் எஞ்சின்தான் வழி என்றால், எதை, எப்படி, எந்தப் பொறுப்போடு என்பதே கேள்வி.

பரம்பரை பார்த்தால் யாரும் தப்ப முடியாது

மொரிஸுக்குள் வேறு எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் காரின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 இல் வெளிவந்தபோது அதற்குள் இருந்தது மொரிஸின் 918 சிசி எஞ்சின். 1952 இல் மொரிஸின் தாய் நிறுவனமான நஃபீல்டும், அதன் நீண்டகாலப் போட்டியாளரான ஒஸ்டினும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன் உருவானது. அதே ஆண்டிலேயே மைனருக்குள் ஒஸ்டினின் 803 சிசி ‘ஏ’ வரிசை எஞ்சின் ஏறத் தொடங்கியது. பின்னர் 1956 இல் 948 சிசி, 1962 இல் 1098 சிசி. நமது அப்பாமார் ‘அசல் மொரிஸ் எஞ்சின்’ என்று போற்றி வளர்த்தது போட்டிக் கம்பனியான ஒஸ்டினின் எஞ்சினைத்தான்.

நிசானின் கதையும் அங்கேதான் போய்த் தொடுகிறது. 1952 இன் இறுதியில் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, 1953 முதல் ஒஸ்டின் கார்களை ஜப்பானில் பொருத்திய கம்பனி அது. அந்த ஆண்டுகளில் கற்ற பாடத்தின் மேல்தான் அதன் பிற்கால டட்சன் கார்கள் எழுந்தன. ஆகவே மைனருக்குள் டட்சன் எஞ்சின் போவதை அந்நியக் கலப்பு என்று சொல்ல இடமில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

தொழிற்சாலைகளே செய்த ஒன்றைத்தான் நமது கராஜ்கள் சிறிய அளவில் செய்கின்றன. வித்தியாசம் ஒன்று உண்டு. தொழிற்சாலை எஞ்சினை மாற்றும்போது பிரேக், கியர், குளிரூட்டல், பதிவு எல்லாவற்றையும் சேர்த்தே சோதிக்கிறது. நாம் பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடுகிறோம். சிக்கல்கள் அங்கேதான் பிறக்கின்றன.

■ பெட்டிச் செய்தி: மாற்றான் எஞ்சினோடு ஓடியவை

• ரோவர்: அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸின் பியூக் அலுமினிய வி8 எஞ்சினின் உரிமையை 1965 இல் வாங்கியது. 1970 இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவருக்குள் இருந்தது அதன் வாரிசான 3528 சிசி எஞ்சின்தான்.

• அம்பாசடர்: மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டின் இந்திய வாரிசு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசுவின் 1.8 லீட்டர் எஞ்சினும் 5 கியர் பொக்ஸும் அதற்குக் கிடைத்தன.

• பிரீமியர் 118என்இ: பம்பாயில் தயாரான கார். உடல் இத்தாலிய ஃபியட் 124, எஞ்சின் நிசானின் 1171 சிசி ஏ12.

• மஹிந்திரா ஜீப்: அமெரிக்க வில்லிஸின் உடல், பிரெஞ்சு ப்யூஜோவின் டீசல் எஞ்சின்.

• டொயோட்டா சுப்ரா: 2019 இல் வந்த வடிவத்தின் 3 லீட்டர் எஞ்சின் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தயாரிப்பு.

இந்தப் பேச்சு ஏன் இப்போது?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வாசல் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 இல் ரூபா சரிந்து, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் சுங்க வரி, எஞ்சினின் சிசியை வைத்து அறவிடும் உற்பத்தி வரி, அதன் மேல் 18 வீத பெறுமதி சேர் வரி எல்லாம் சேர்ந்து, சாதாரண குடும்பத்துக்குப் புது வண்டி கனவாகவே இருக்கிறது. ஆகவே இருக்கும் வண்டியை ஓட வைக்க வேண்டும்.

தோட்டப்புறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பாதை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதைத் தடுத்து வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல். முப்பது ஆண்டுகள் கவனிக்கப்படாத பாதை ஒரே நாளில் தார் பூசிக்கொள்ளாது. பெட்டியாகலை, ராசகலை, செசில்டன் போன்ற தோட்டங்களின் மேல் பிரிவுகளுக்கும், உலக முடிவுப் பாறைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் நன்பேரியல் தோட்டத்துக்கும் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கல்லும் கானும் நிறைந்த அந்தப் பாதையில் நகரத்துக் கார் ஏறாது. பழைய லேன்ட் ரோவரும் வில்லிஸ் ஜீப்பும்தான் ஏறும். இரவில் பிரசவ வலி வந்தால் பலாங்கொடை ஆதார வைத்தியசாலைக்கு இறங்குவதும் அவற்றில்தான். அப்படிப்பட்ட வண்டிக்குள் எந்த எஞ்சின் இருக்கிறது என்பது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமல்ல.

நமக்கு அக்காவைப் போல ஓர் ஊர் இமயமலையில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூ உச்சிக்கு 1950களின் லேன்ட் ரோவர்கள் நீண்ட காலமாகப் பயணிகளை ஏற்றி வந்தன. தேயிலைத் துரைமார் விட்டுப்போன வண்டிகள். அவற்றில் பலவற்றுக்குள் பின்னாளில் ஏறியது மஹிந்திரா டீசல் எஞ்சின். பாகம் பக்கத்தில் கிடைத்தது என்பதே காரணம்.

காருக்கு எது பொருந்தும்?

மைனர் போன்ற சிறிய காருக்கு எஞ்சின் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது வலுவை அல்ல, எஞ்சின் எப்படிப் படுத்திருக்கிறது என்பதை. மைனரில் எஞ்சின் நீளவாட்டில் இருந்து பின்சில்லை இயக்குகிறது. இன்று வீதியில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருந்து முன்சில்லை இயக்குகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி வந்தால் கியர் பொக்ஸுக்கு வழி இல்லாமல் தவிக்க வேண்டும்.

பின்சில்லை இயக்கும் சிறு பெற்றோல் எஞ்சின்களில் பெயர் பெற்றவை இரண்டு குடும்பங்கள். ஒன்று நிசானின் ‘ஏ’ வரிசை: ஏ12 என்றால் 1171 சிசி, ஏ14 என்றால் 1397, ஏ15 என்றால் 1488. டட்சன் 1200, டட்சன் சனி கார்களில் வந்தவை. மைனரின் ஒஸ்டின் எஞ்சினுக்கு கிராங் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பெயரிங், ஏ12க்கு ஐந்து. அலுமினிய ஹெட் என்பதால் எடையும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மைனரின் 1098 சிசி எஞ்சின் தருவது 48 குதிரைவலு. ஏ12க்குக் கம்பனி சொன்ன கணக்கு 68. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மைனர் பிரியர்கள் பல காலமாக இந்த எஞ்சினையே நாடுவது இதனால்தான்.

மற்றது டொயோட்டாவின் ‘கே’ வரிசை: 3கே 1166 சிசி, 4கே 1290, 5கே 1486. கொரொல்லாவில் தொடங்கிய இந்தக் குடும்பம் லைட்ஏஸ் வேன்களிலும் ஃபோர்க்லிஃப்ட்களிலும் நீண்ட காலம் தொடர்ந்தது. நமக்கு இதன் பெரிய பலம் அதுதான். கே எஞ்சினுக்கு வோட்டர் பம்ப் வேண்டுமென்றால் மலையகத்தில் எந்த வேன் கராஜிலும் விசாரிக்கலாம்.

இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் இது: காரின் நிதானம் கெடக்கூடாது என்றால் ஏ12, பத்து ஆண்டு கழித்தும் பாகம் தேடி அலையக்கூடாது என்றால் 4கே அல்லது 5கே. பலாங்கொடையில் வாழ்பவருக்கு இரண்டாவதே புத்திசாலித்தனம்.

சிலர் மைனருக்குள் டொயோட்டாவின் 2சி போன்ற 2 லீட்டர் டீசலையே ஏற்றுகிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. டீசல் எஞ்சினின் எடை முழுவதும் முன்சில்லின் மேல் விழுகிறது. மைனரின் முன்பக்கம் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியில் நிற்கிறது. அது இந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் கனக்கும், முன்பக்கம் தாழும். ஏ4 வீதியின் வளைவுகளில் இது விளையாட்டு அல்ல.

ஜீப்புக்கு எது பொருந்தும்?

லேன்ட் ரோவர் கதை வேறு. அந்தச் சட்டகம் டீசலைத் தாங்கும். மலைப்பாதைக்கு வேண்டியது வேகமல்ல, குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை. இங்கே போட்டியில் நிற்பவை நான்கு: நிசானின் 2663 சிசி டிடி27, இசுசுவின் 2369 சிசி சி240, அதன் 2771 சிசி 4ஜேபி1, டொயோட்டாவின் 2446 சிசி 2எல்.

தேர்வுக்கு நான் ஓர் அளவுகோலை வைக்கிறேன். டைமிங்கை எது ஓட்டுகிறது? 2எல் எஞ்சினில் ரப்பர் பெல்ட். டிடி27, சி240, 4ஜேபி1 மூன்றிலும் இரும்புப் பற்சக்கரம். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். தோட்ட ஜீப்பில் கிலோமீற்றர் மீட்டர் ஓடுவதே அபூர்வம். எத்தனை ஓடியது என்று தெரியாத ரீகண்டிஷன் எஞ்சினில், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பெல்ட் மலையேற்றத்தின் நடுவில் அறுந்தால், வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும். பற்சக்கரம் சத்தம் போடும், ஆனால் கைவிடாது. 2எல் வாங்குபவர் முதல் வேலையாக பெல்ட்டை மாற்றட்டும். அதன் டர்போ வடிவத்துக்கு ஹெட் வெடிக்கும் பெயரும் உண்டு. மலைக்கு அது வேண்டாம்.

அடுத்தது கியர் கணக்கு. லேன்ட் ரோவரின் அச்சு விகிதம் 4.7க்கு 1. டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் மேல் கியரையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது வண்டி ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகத்தில்தான் போகும். கொழும்புக்கு ஓடுபவருக்கு இது குறை. பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறுபவருக்கு இதுதான் வரம். வண்டி எங்கே ஓடப்போகிறது என்று முதலில் முடிவு செய்யாதவர் எஞ்சினை முடிவு செய்யக்கூடாது.

■ பெட்டிச் செய்தி: எஞ்சின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• எஞ்சின் தனியாகவா, கியர் பொக்ஸோடு சேர்ந்தா? கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு விதமாகவும் கேட்டு வாங்கலாம். காருக்குக் கியர் பொக்ஸோடு எடுப்பதே நல்லது. ஜீப்பில் பழைய கியர் பொக்ஸையே வைப்பதென்றால் இரண்டுக்கும் இடையே அடப்டர் பிளேட் லேத்தில் கடைந்தாக வேண்டும். கிராங்கும் கியர் பொக்ஸ் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் கிளச்சும் பெயரிங்கும் அடிக்கடி போகும்.

• ஒயில் சம்ப் முன்னே தொங்குகிறதா, பின்னே தொங்குகிறதா? முன் அச்சில் இடிக்கும் சம்பை வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

• 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? ஜப்பானிய டீசல்களில் இரண்டும் உண்டு. ஸ்டார்ட்டரையும் ஒல்டர்னேட்டரையும் வண்டிக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

• பழைய மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பானிய ஒல்டர்னேட்டருக்கு எதிர்முனை. இதைத் திருப்பாமல் இணைத்தால் ஒல்டர்னேட்டர் உடனே எரியும்.

• விற்பவர் இறக்குமதி ஆவணமும் பற்றுச்சீட்டும் தருகிறாரா? எஞ்சின் இலக்கம் சுரண்டப்படாமல் தெளிவாக இருக்கிறதா? இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏறிய வண்டி இறங்க வேண்டும்

எஞ்சின் மாற்றுபவர்கள் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மலையில் மனிதரைக் கொல்வது இறக்கம்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போன கார் புது எஞ்சினோடு 80இல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 78 வீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. தொடக்கத்து மைனர்களில் முன்பிரேக் வெறும் 7 அங்குல டிரம். 1962 இல் எஞ்சினை 1098 சிசி ஆக்கியபோது கம்பனியே அதை 8 அங்குலமாக்கியது. 11 குதிரைவலு கூடியதற்கே தொழிற்சாலை பிரேக்கை மாற்றியது என்றால், 20 கூட்டுபவர் என்ன செய்ய வேண்டும்? டிஸ்க் பிரேக் போட வேண்டும். பின்னாளில் வந்த மொரிஸ் மரீனாவின் முன்பக்க அமைப்பு மைனரின் வழிவந்தது என்பதால் அதன் டிஸ்க் மைனரில் பொருந்தும். இதற்குரிய பணம் கையில் இல்லையென்றால், எஞ்சினை வாங்கும் நாளைத் தள்ளிப்போடுவதே சரி.

பெற்றோலிலிருந்து டீசலுக்கு மாறுபவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. பிரேக் மிதியை இலகுவாக்கும் சேர்வோ, பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் இயங்குகிறது. டீசல் எஞ்சினில் அப்படியான வெற்றிடம் உண்டாவதில்லை. அதற்காகவே ஜப்பானிய டீசல்களில் ஒல்டர்னேட்டரின் முதுகில் ஒரு வெக்கியூம் பம்ப் ஒட்டியிருக்கும். விலை குறைவு என்று பம்ப் இல்லாத ஒல்டர்னேட்டரை மாட்டினால், அல்லது அதன் குழாயைச் சேர்வோவோடு இணைக்க மறந்தால், மிதி கல்லாகிவிடும். சமதரையில் ஓட்டிப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. பெரகலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

கராஜ்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஏற்றிய வண்டியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கும் முன் ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில் ஓட்டிக் காட்டுங்கள். முழுப் பாரத்தோடு, திரும்பத் திரும்ப நிறுத்திக் காட்டுங்கள்.

டீசல் கணக்கு தலைகீழானது

ஒரு காலத்தில் எஞ்சின் மாற்றுவது என்றாலே டீசலுக்கு மாறுவதுதான். காரணம் எளிது: டீசல் மலிவு. இரண்டுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசமே எஞ்சின் செலவைச் சில ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும் என்று மக்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு 2022 இல் உடைந்தது.

■ பெட்டிச் செய்தி: ஒரு லீட்டர், இலங்கை ரூபாவில்

• 2021 ஜூன் விலையேற்றத்துக்கு முன்: பெற்றோல் (92 ஒக்டேன்) 137, டீசல் 104
• 2021 ஜூன் ஏற்றத்துக்குப் பின்: பெற்றோல் 157, டீசல் 111
• 2022 ஜூன் இறுதியில்: பெற்றோல் 470, டீசல் 460

2021 ஜூனில் டீசல்காரர் லீட்டருக்கு 46 ரூபா மிச்சம் பிடித்தார். பெற்றோல் விலையில் நூற்றுக்கு 29 பங்கு. ஓராண்டு கழித்து மிச்சம் 10 ரூபா. நூற்றுக்கு இரண்டு பங்கு. விலைகள் அதன்பின் ஏறி இறங்கினாலும், டீசல் என்றென்றும் மலிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. டீசல் எஞ்சின் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் மாதத்தில் சில நாள் மட்டும் நகரத்துக்குப் போய்வரும் குடும்பக் காருக்கு, அந்த மிச்சம் பம்ப், நொசில் பழுதுபார்க்கும் செலவுக்கே போதாது. இன்று டீசலுக்கு மாற வேண்டிய காரணம் இழுவை. இழுவை தேவைப்படாதவர் பெற்றோலிலேயே இருக்கலாம்.

பதிவுப் புத்தகம் என்ன சொல்கிறது?

2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. வண்டி இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் பதிவு செய்து, வாரத்துக்குக் குறித்த அளவை மட்டும் பெறும் முறை. தொடக்கத்தில் காருக்கு 20 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. எஞ்சினை மாற்றிவிட்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்லாதவர்களுக்கு அது பெரிய பாடம். புத்தகத்தில் பெற்றோல், வண்டிக்குள் டீசல் என்றால் வரிசையில் நின்று என்ன பயன்? 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. பாடம் நிற்கிறது.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவில் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கிய எஞ்சினின் ஆவணம் வேண்டும், வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். இதை அலைச்சல் என்று தவிர்ப்பவர்கள் பலர். அதன் விளைவு பிறகு ஒவ்வொன்றாக வரும். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி எஞ்சின் இலக்கத்தைப் பார்க்கும். பொலிஸ் நிறுத்தினால் பார்க்கும். விற்கப் போனால் வாங்குபவர் பார்ப்பார். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் பரிசோதனை வேறு வேறு.

தோட்டக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலையும் பார்க்கிறோம். வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். கைமாறிக் கைமாறி வந்ததில் பெயர் மாற்றமே நடந்திருக்காது. அப்படிப்பட்டவர் எஞ்சின் வாங்கும் முன் பெயரைச் சரி செய்வதே முறை. எஞ்சினுக்குக் கொட்டும் பணம் சட்டப்படி தன்னுடையதல்லாத வண்டிக்குள் போகக் கூடாது.

திணைக்களமும் ஒரு படி இறங்கி வர வேண்டும். மலையகத்துக்காரர் எஞ்சின் மாற்றத்தைப் பதிய ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்து அலைகிறார். மாதம் ஒரு முறை பலாங்கொடையிலேயே நடமாடும் பரிசோதனை நடத்தினால், மறைவில் ஓடும் வண்டிகள் தாமாகவே வெளிச்சத்துக்கு வரும். மக்களின் பாதுகாப்பும் கூடும், அரசின் பதிவேடும் உண்மையாகும்.

கைக்குத் தெரிந்த வேலைக்குக் காகிதம் வேண்டும்

இந்த எஞ்சின்களை ஏற்றுபவர்கள் யார்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்து, பதினாறு பதினேழு வயதில் நகரத்துக் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்த பிள்ளைகள். கம்பு வைத்து அளந்தே எஞ்சின் மவுண்டிங் வெட்டும் கைகள். அடப்டர் பிளேட்டின் துளையை லேத்காரரோடு உட்கார்ந்து சரி பார்க்கும் கண்கள். வெளிநாட்டில் பொறியியல் நிறுவனம் வரைபடம் போட்டுச் செய்யும் வேலையை இவர்கள் சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் செய்கிறார்கள். இதில் எனக்கு அளவற்ற பெருமை.

ஆனால் இவர்களிடம் சான்றிதழ் இல்லை. அதனால் கொழும்பில் பெரிய கம்பனிக் கராஜில் உதவியாளர் சம்பளம். வளைகுடாவுக்குப் போனாலும் கூலியாள் விசா. இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறையில், படிப்பு இல்லாமலே அனுபவத்தை வைத்துச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தோட்டப்புறத்தில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. தோட்டத் தொழிற்சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இந்த ஒரு தகவலைத் தமிழில் வீடு வீடாகக் கொண்டு சென்றாலே பல பிள்ளைகளின் வாழ்க்கை மாறும்.

சான்றிதழ் மெக்கானிக்கின் சம்பளத்துக்கு மட்டுமல்ல. வெக்கியூம் பம்ப் எதற்கு, பிரேக் சக்தி எப்படிப் பெருகுகிறது, எலெக்ட்ரானிக் எஞ்சினின் வயரிங்கை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அந்தச் சான்றிதழுக்குத் தயாராவதன் வழியாகவே கராஜுக்குள் வரும். இனி வரும் எஞ்சின்கள் கம்ப்யூட்டர் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதவை. கார்பரேட்டர் காலத்துக் கையறிவோடு மட்டும் அவற்றை இன்னொரு கம்பனி வண்டிக்குள் ஓட வைக்க முடியாது.

எது நல்ல மாற்றம்?

போட்டிக் கம்பனி எஞ்சின் போடலாமா என்ற கேள்விக்கு வரலாறு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. போடலாம். ஒஸ்டின் மொரிஸுக்குள் போனது, பியூக் ரோவருக்குள் போனது, இசுசு அம்பாசடருக்குள் போனது. நல்ல மாற்றத்துக்கு அடையாளங்கள் வேறு. நம்மை அறியாத அடுத்த ஊர் மெக்கானிக் போனட்டைத் திறந்து பார்த்து, இது இன்ன எஞ்சின், இதற்கு இன்ன பாகம் என்று உடனே சொல்ல வேண்டும். அந்தப் பாகம் அவருக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் புளொக்கில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் கொடுக்கும் வேகத்தைப் பிரேக் திருப்பி வாங்க வேண்டும்.

செலவுக்குப் பணம் ஒதுக்கும்போது வரிசையும் அதுதான்: முதலில் பிரேக், இரண்டாவது பதிவு, மூன்றாவது எஞ்சின். இந்த வரிசையை மாற்றாதவர் தன் அப்பாவின் மைனரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம். தோட்டத்து ஜீப்பில் ஏறும் கர்ப்பிணித் தாய் பயமில்லாமல் மலை இறங்கலாம். அதற்குப் பிறகு வால்வு மூடியில் டட்சன் என்றிருந்தால் என்ன, டொயோட்டா என்றிருந்தால் என்ன?